பழமே இல்லாத பழவாசனை

ஜப்பானின் வடகிழக்கே யமகாட்டா மாகாணத்தில் தெண்டோ என்று ஒரு சிறு நகரம். 1892 முதல் அங்கே அரிசி மதுவான சாகே தயாரித்துவரும் தேவசகுரா என்ற ஆலை, 1980இல் ‘ஓகா’ என்ற பெயரில் ஒரு சாகேயைக் கடைக்கு அனுப்பியது. புட்டியின் பின்பக்கம் மூலப்பொருட்களைத் தேடினால் மூன்றே பெயர்கள்: அரிசி, அரிசிக் கோஜி, வடித்த ஆல்கஹால். தண்ணீரைத் தனியாக எழுதுவதில்லை. பழச்சாறு கிடையாது, எசன்ஸ் கிடையாது. ஆனால் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனால் பேரிக்காய் மணக்கிறது. கொஞ்சம் முலாம்பழம், ஓரத்தில் எங்கோ வாழைப்பழம்.

இவ்வளவு பழம் மணந்தால் நாக்கு சர்க்கரைக்குத் தயாராகிவிடும். ஒரு வாய் குடித்தால் அந்தச் சர்க்கரை வருவதில்லை. இனிப்பு லேசாகத் தலைகாட்டிவிட்டு, விழுங்கி முடிக்கும் முன்பே விலகிவிடுகிறது. வாயில் மிஞ்சுவது ஒரு சுத்தமும் மெல்லிய காரமும்தான். ஜப்பானியர் இந்த இனிப்பற்ற ரகத்தைக் ‘கராகுச்சி’ என்பார்கள்; ஒயின் குடிப்பவர்கள் ‘டிரை’ என்பார்கள். மூக்கு ஒரு சாட்சி சொல்ல, நாக்கு அதற்கு எதிர்ச்சாட்சி சொல்வதுதான் இந்த மதுவின் ருசி என்பது என் கட்சி. அந்த முரண்பாடு தற்செயலாக வந்ததும் இல்லை. குளிரில் பட்டினி போட்ட ஈஸ்டை வைத்து, திட்டமிட்டு உண்டாக்கியது.

அரிசியிலிருந்து தொடங்குவோம். திராட்சையில் சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. நசுக்கி வைத்தால் ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும். அரிசியில் இருப்பதோ மாவுச்சத்து. அதை ஈஸ்ட் சீண்டாது. பீர் தயாரிப்பவர்கள் பார்லியை முளைகட்டி, முளையில் ஊறும் நொதிகளைக் கொண்டு மாவைச் சர்க்கரையாக்கி, அந்த வேலை முடிந்தபின் ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். தீட்டிய அரிசிக்கு முளைக்கரு ஏது? எனவே சாகே ஆலையில் அந்தப் பொறுப்பு ஒரு பூஞ்சைக்குப் போகிறது. அறிவியல் பெயர் அஸ்பெர்கில்லஸ் ஒரைசே. ஜப்பானின் மதுத் தயாரிப்புச் சங்கம் 2006இல் இதை ‘தேசியப் பூஞ்சை’ என்றே அறிவித்தது. சோயா சாஸும் மிசோவும் இதன் தயவில்தான் உண்டாகின்றன.

ஆவியில் வேகவைத்த அரிசியை வெதுவெதுப்பான மரப்பலகை அறையில் பரப்பி, பூஞ்சையின் வித்துகளைத் தூவி, இரண்டு நாள் கண்விழித்துப் புரட்டிப் புரட்டி வளர்ப்பார்கள். பூஞ்சை படர்ந்த இந்த அரிசிக்குத்தான் கோஜி என்று பெயர். நல்ல கோஜியை முகர்ந்தால் வறுத்த செஸ்ட்நட் கொட்டையின் வாசனை வரும் என்பார்கள். பழவாசனைக்கான சாகேயில் பூஞ்சை அரிசியை முழுக்கப் போர்த்திவிடக் கூடாது. அங்கங்கே வெள்ளைப் புள்ளிகளாகப் பிடித்து, இழைகளை அரிசியின் நடுப்பகுதிக்கு இறக்க வேண்டும். அதற்காகவே அரிசியை வெளியே விறைப்பாகவும் உள்ளே மெத்தென்றும் வேகவைக்கிறார்கள். ஈரம் உள்ளே இருந்தால் பூஞ்சை அதைத் தேடி உள்ளே போகும்.

பிறகு தொட்டியில் கோஜி, வெந்த அரிசி, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் ஒன்றாகக் கலக்கின்றன. ஒரு பக்கம் கோஜியின் நொதிகள் மாவைக் கரைத்துக் குளுக்கோஸைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கும். மறுபக்கம் ஈஸ்ட் அதை வந்த கையோடு தின்று ஆல்கஹாலாக மாற்றும். சர்க்கரையாவதும் மதுவாவதும் ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில். சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்தால் அதன் அடர்த்தியே ஈஸ்டை முடக்கிவிடும். இங்கே அது குவிவதில்லை என்பதால் ஈஸ்ட் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. வாலையில் வடிக்காமலே 20 சதவீதத்தை எட்டும் ஆல்கஹால் சாகேத் தொட்டியில் கிடைப்பது இதனால்தான். பிறகு தண்ணீர் சேர்த்து 15, 16க்குக் கொண்டுவருவார்கள்.

இனிப்பா, டிரையா என்பதன் முடிவும் பெரும்பாலும் இந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. சொட்டும் சர்க்கரையைவிடத் தின்னும் வேகம் கொஞ்சம் கூடினால் நாளுக்கு நாள் இனிப்பு குறையும். எந்த நாளில் கலவையைப் பிழிந்து மண்டியைப் பிரிப்பது என்று முடிவெடுப்பவர் ‘தோஜி’ என்ற தலைமைத் தயாரிப்பாளர். முன்கூட்டிப் பிழிந்தால் இனிப்பு மிஞ்சும், தாமதித்தால் ஒல்லியாகிவிடும். இன்றைக்கு ஆய்வுக்கூட அளவீடுகள் இருந்தாலும், கடைசி நாள்களில் தொட்டியை முகர்ந்தும் ருசித்தும் பார்க்காத தோஜி இருக்க மாட்டார்.

வாசனை எங்கிருந்து வருகிறது? அதற்கு அரிசியைத் தீட்டும் மில்லுக்குப் போக வேண்டும். சாகே அரிசிகளில் ராஜா என்று பெயரெடுத்த யமதா நிஷிகி, ஹியோகோ மாகாணத்தில் 1923இல் ஒட்டுச் சேர்த்து 1936இல் பெயரிடப்பட்ட ரகம். ஆயிரம் மணிகளை நிறுத்தால் சுமார் 27 கிராம். ஜப்பானியர் சோறு வடிக்கும் அரிசி 22 கிராம்தான் வரும். மணியின் நடுவில் சுண்ணாம்புக் கட்டி போல ஒரு வெண்மை இருக்கும். அங்கே மாவுத் துகள்கள் நெருக்கமில்லாமல் காற்றிடைவெளியோடு அடுக்கியிருப்பதால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. நம் அரிசி மண்டியில் இப்படி வெள்ளை விழுந்த அரிசியைக் கண்டால் விலையைக் குறைப்பார்கள். சாகேக்காரர்கள் அதையே தேடி, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பூஞ்சையின் இழை நுழைய அந்த இடைவெளிதான் வழி.

அரிசியின் வெளிப்புறத்தில் கொழுப்பும் புரதமும் தாதுக்களும் திரண்டிருக்கின்றன. அவற்றைத் தீட்டி எடுத்துவிட்டு உள்ளிருக்கும் மாவை மட்டும் வைத்துக்கொள்வார்கள். எடையில் 60 சதவீதமோ அதற்குக் கீழோ மிஞ்சும்படி தீட்டியிருந்தால் ‘கின்ஜோ’ என்று எழுதிக்கொள்ளலாம். 50 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் ‘தாய்கின்ஜோ’. (ஓகாவின் அரிசியும் 50 வரை தீட்டியதுதான். ஆனாலும் அந்த ஆலை அதைப் பணிவாகக் கின்ஜோ என்றே விற்கிறது.) மணி சூடாகி வெடித்துவிடாமல் பதமாகத் தீட்ட வேண்டும். பாதியாகக் குறைக்க மில் இரண்டு நாள் வரைக்கும் ஓடும். கழிந்த வெள்ளை மாவு வீணாவதில்லை, அரிசி பிஸ்கட்டுக்குப் போய்விடும்.

கொழுப்பை எடுத்தால் ருசி சுத்தமாகும் என்றுதான் பல காலம் விளக்கம் சொன்னார்கள். சரிதான், ஆனால் அது பாதிக்கதை. ஈஸ்டுக்குள் ஏடிஎஃப்1 என்று ஒரு மரபணு இருக்கிறது. அது உண்டாக்கும் நொதி, ஐசோஅமைல் ஆல்கஹாலோடு அசிட்டைல் தொகுதி ஒன்றை இணைத்து ஐசோஅமைல் அசிட்டேட்டை உருவாக்கும். வாழைப்பழத்துக்கு வாழைப்பழ வாசனை தருவது இதே மூலக்கூறு. ஒத்த பொருள் என்றுகூடச் சொல்ல வேண்டாம், அணுவுக்கு அணு அதேதான். இந்த மரபணுவுக்குப் பூட்டுப் போடுபவை இரண்டு: ஆக்சிஜனும், நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும். தவிட்டோடு சேர்ந்த கொழுப்பு தொட்டியில் இருந்தால் மரபணு அடங்கிக் கிடக்கும், வாசனை எழாது. அரிசியைத் தீட்டித் தீட்டிக் கொழுப்பை விரட்டியபோது, மரபணு என்ற ஒன்றைக் கேள்விப்பட்டிராத ஆலைக்காரர்கள் அந்தப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

இதோடு குளிரும் சேர வேண்டும். சாதாரண சாகே 15 டிகிரி செல்சியஸ் வாக்கில் மூன்று வாரத்துக்குள் நொதித்து முடியும். கின்ஜோவை 10 டிகிரியை ஒட்டி நிறுத்தி, ஒரு மாதத்துக்கும் மேல் இழுப்பார்கள். குளிரில் ஈஸ்ட் மெதுவாக நகரும், ஐசோஅமைல் அசிட்டேட் போன்ற ‘எஸ்டர்’ என்ற வாசனைச் சேர்மங்கள் காற்றோடு பறந்துவிடாமல் திரவத்திலேயே தங்கும். தின்னக் கொழுப்பில்லை, மூச்சுக்குக் காற்றில்லை, சர்க்கரையும் சொட்டளவு. அந்த நெருக்கடியில் வாழும் ஈஸ்ட்தான் பழம் மணக்கிறது.

ஈஸ்டுக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்விக்கு அழகான ஒரு பதில் உண்டு. பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் ஏடிஎஃப்1 மரபணுவை நீக்கிய ஈஸ்டையும் நீக்காத ஈஸ்டையும் பழ ஈக்களின் முன் வைத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். மரபணு இல்லாத ஈஸ்டை ஈக்கள் அவ்வளவாக நாடவில்லை. ஈஸ்டுக்குக் காலும் இல்லை, இறக்கையும் இல்லை. அடுத்த பழத்துக்குப் போக ஈயின் முதுகில்தான் ஏற வேண்டும். ஆக, நாம் கண்மூடி ரசிக்கும் வாசனை ஒருவேளை ஈக்கு விட்ட அழைப்பாக இருக்கலாம்.

ஆப்பிளையும் அன்னாசியையும் நினைவூட்டும் இன்னொரு வாசனைக்குக் காரணம் எத்தில் கேப்ரோயேட். இதன் கதை வேறு. ஈஸ்ட் தன் செல் சவ்வுக்காகக் கொழுப்பு அமிலங்களைக் கட்டும்போது, கார்பன்களை இரண்டிரண்டாகக் கோத்து 16, 18 வரை நீட்டும். சில சமயம் 6 கார்பனிலேயே சங்கிலி கழன்றுவிடும். அப்படிக் கழன்றது கேப்ரோயிக் அமிலம். தனியே முகர்ந்தால் அசல் வெள்ளாட்டு வாடை. அதுவே தொட்டியில் உள்ள ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டரானதும் பழுத்த ஆப்பிளாக மணக்கிறது. கெக்கெய்கான் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1991இல் ஒரு யுக்தி செய்தார்கள். கொழுப்பு அமிலம் கட்டும் நொதியை முடக்கும் செருலெனின் என்ற நஞ்சை ஈஸ்டுக்குக் கொடுத்து, அதையும் மீறிப் பிழைத்தவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றில் சில கேப்ரோயேட்டை வாரி இறைத்தன. நொதியின் புரதச் சங்கிலியில் 1250ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் வந்து உட்கார்ந்ததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. இன்று மூக்கைத் துளைக்கும் பல தாய்கின்ஜோக்கள் இந்த வழியில் தேர்ந்த ஈஸ்டின் பிள்ளைகள்.

எனக்கு அந்த வகை சற்றுத் திகட்டும். கேப்ரோயேட் மிகுந்த சாகே முதல் மிடறில் வாயைப் பிளக்க வைக்கும், மூன்றாவது மிடறில் அலுத்துவிடும். அதன் பலமான வாசனைக்கு ஈடுகொடுக்க இனிப்பையும் கொஞ்சம் விட்டுவைத்திருப்பார்கள். பழம் மணந்தும் டிரையாக முடியும் சாகேயில் வாசனை ஒரு படி அடங்கியே இருக்க வேண்டும். பழம் மணக்கும் இந்த எஸ்டர்களின் அளவே லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் என்பதால், கூடுவதும் குறைவதும் சட்டென்று தெரிந்துவிடும்.

குளிரில் மெதுவாக நொதிக்கவிடும் இந்தக் கலையின் தாயகம் ஹிரோஷிமா. பழைய காலத்தில் சாகேக்குப் பேர்போனது கோபே பக்கத்து நாடா வட்டாரம். அங்கே 1840இல் கண்டுபிடிக்கப்பட்ட மியாமிசு ஊற்றுநீரில் தாது அதிகம். ஈஸ்ட் வேகமாகப் பெருகும், மது வலுவாக வரும். ஹிரோஷிமாவின் தண்ணீரோ மென்னீர். நாடாவின் செய்முறையை அப்படியே கொண்டுவந்தால் நொதித்தல் பாதியில் நின்று கெட்டுப்போகும். அகிட்சு ஊரைச் சேர்ந்த மியுரா சென்சபுரோ தொடர்ந்து கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, தண்ணீரை மாற்ற முடியாது, முறையை மாற்றுவோம் என்று இறங்கினார். கோஜியை நன்றாக உள்ளிறங்க வளர்த்து, குறைந்த வெப்பத்தில் பொறுமையாக நொதிக்கவிட்டார். 1898இல் தன் முறையை அச்சிட்டு ஊராருக்கே கொடுத்துவிட்டார். 1907இல் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமா சாகேக்கள் நாடாவைப் பின்னுக்குத் தள்ளின. அரிசி தீட்டும் எந்திரத்தை 1896இல் உருவாக்கிய சதாகே ரீஇச்சியும் இதே வட்டாரத்துக்காரர்தான். மென்னீரும் மில்லும் பக்கத்துப் பக்கத்து ஊரில் கிடைத்தது ஜப்பானிய மதுவின் அதிர்ஷ்டம்.

ஆனாலும் கின்ஜோ என்பது நெடுங்காலம் பரிசுக்காக மட்டும் தயாரான சரக்கு. 1904இல் அரசு தொடங்கிய மது ஆய்வுநிலையம் 1911 முதல் புது சாகேக்களைத் தேர்வுக்கு எடுத்தது. தோஜிகள் அந்தத் தேர்வுக்கென்று ஒரு சிறு தொட்டியைத் தனியே பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். பரிசு கிடைத்ததும் மீதியைச் சாதாரணச் சரக்கோடு கலந்துவிடுவதும் உண்டு. பொதுமக்கள் கடையில் கேட்டு வாங்கும் அளவுக்கு அது வந்தது 1980களில். கின்ஜோ என்ற பெயருக்குச் சட்டபூர்வ வரையறை நடைமுறைக்கு வந்ததே 1990இல்தான்.

ஓகாவின் மூலப்பொருட்களில் வடித்த ஆல்கஹால் இருந்ததே, அது கலப்படமா? அரிசியும் கோஜியும் மட்டும் உள்ள ‘ஜுன்மாய்’ ரகமே உத்தமம் என்று சாதிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எஸ்டர்கள் தண்ணீரைவிட ஆல்கஹாலில் எளிதாகக் கரையும். பிழிவதற்குச் சற்று முன்பு தொட்டியில் கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றினால், மண்டியோடு போயிருக்க வேண்டிய வாசனை மதுவுக்கு வந்துவிடுகிறது. சர்க்கரையின் செறிவும் குறைந்து முடிவு சுத்தமாகிறது. அரிசியின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இந்த ஆல்கஹால் போகக் கூடாது என்று கின்ஜோவுக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. பழவாசனையும் டிரையும் ஒருசேர வேண்டுமென்றால் இது நேர்வழியே. மலிவுச் சரக்கில் அளவைப் பெருக்கச் சேர்ப்பது வேறு சங்கதி.

புட்டியில் +5, -3 என்று ஓர் எண் இருக்கும். ‘நிஹோன்ஷுதோ’ என்ற அடர்த்தி அளவு அது. 15 டிகிரியில் ஒரு மிதவைக் கருவியைப் போட்டுப் பார்ப்பார்கள். 4 டிகிரித் தண்ணீரின் அடர்த்திக்குச் சமமானால் பூஜ்யம். சர்க்கரை அடர்த்தியைக் கூட்டும். எண் கழித்தலுக்குப் போகும். ஆல்கஹால் அடர்த்தியைக் குறைக்கும். எண் கூட்டலுக்கு ஏறும். கூட்டல் என்றால் டிரை என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். கொஞ்சம் கணக்குப் போட்டால் கதை அத்தனை எளிதில்லை என்று தெரியும். +5 என்பது 0.9965 அடர்த்தி. தண்ணீரும் 15 சதவீத ஆல்கஹாலும் மட்டும் இருந்தால் எண் +25ஐத் தாண்டியிருக்கும். அங்கிருந்து +5க்கு இறக்கியது கரைந்திருக்கும் பொருள்கள். 100 மில்லிக்குச் சுமார் 4 கிராம். அதில் பெரும்பங்கு குளுக்கோஸும் அதன் உறவுக்காரச் சர்க்கரைகளும். டிரை ஒயினில் இவ்வளவு இருக்காது. அப்படியிருந்தும் இந்த சாகே இனிப்பற்றதாகத் தெரிகிறது என்றால், ஆல்கஹாலின் காரமும் அமிலமும் நாக்கில் குறுக்கிடுகின்றன என்று அர்த்தம். எனவே பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் அமில எண்ணையும் பார்க்க வேண்டும். 1.2 என்றால் மென்மை, 1.8 என்றால், சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தால்கூட வாய் டிரை என்றே தீர்ப்பு சொல்லும்.

இனி சுவைப்பது. தொழில்முறைச் சுவைஞர்கள் வைத்திருக்கும் கிண்ணம் வெள்ளைப் பீங்கான், 180 மில்லி பிடிக்கும். அடியில் நீல நிறத்தில் இரண்டு வளையங்கள். வெள்ளைப் பின்னணியில் மதுவின் மஞ்சள் சாயல் தெரியும். நீல வளையத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் மது தெளிவு, மங்கினால் கலங்கல். வாசனையை இரண்டு முறை பார்ப்பார்கள். கிண்ணத்தின் மேல் முகர்வது முதல் முறை. இரண்டாவது, சுமார் 5 மில்லியை வாயில் எடுத்து, உதட்டிடுக்கில் காற்றை உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரத்தி, மூச்சை மூக்கு வழியே விடும்போது தெரிவது. வாயின் பின்புறத்திலிருந்து மூக்குக்கு ஏறும் இந்த வாசனையைத்தான் நாம் அன்றாடம் ‘ருசி’ என்று நாக்கின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இங்கேதான் அந்த முரண்பாட்டின் சூட்சுமம். வாழைப்பழ எஸ்டருக்கு நாக்கில் எந்த ருசியும் இல்லை. வாசனையோடு சர்க்கரையையும் சேர்த்தே பிறந்தது முதல் உண்டு வந்திருப்பதால், மூளை அந்த வாசனையையே இனிப்பு என்று வாசிக்கிறது. 1988இல் வெளியான ஃபிராங்க், பைராம் இருவரின் ஆய்வில், இனிப்பு சேர்த்த கிரீமில் ஸ்ட்ராபெர்ரி வாசனையைக் கலந்ததும் சுவைத்தவர்கள் இனிப்பு கூடிவிட்டதாகச் சொன்னார்கள். வேர்க்கடலை வெண்ணெயின் வாசனை அந்த வேலையைச் செய்யவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவைத்தபோது கூடிய இனிப்பு பெரும்பாலும் காணாமற்போனது. நல்ல கின்ஜோ கையில் கிடைத்தால் இதை நீங்களே சோதிக்கலாம். மூக்கை இறுக்கிப் பிடித்து ஒரு மிடறு எடுத்தால் கசப்பும் காரமும் கொஞ்சம் புளிப்பும்தான் தெரியும். சாதுவான, சற்றே வறண்ட மது. விரலை எடுத்ததும் பேரிக்காய் வந்து நிற்கும், அதனோடு இல்லாத இனிப்பும்.

வெப்பநிலை இதில் பாதி வேலையைச் செய்கிறது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த உடனே, 5 டிகிரியில் ஊற்றினால் எஸ்டர்கள் எழவே மாட்டா. விலையுயர்ந்த சாகேயை இப்படிக் குடிப்பது காசைக் கரியாக்குவது. 10 முதல் 12 டிகிரியில் வாசனை திறக்கும், இனிப்பு இன்னும் அடங்கியே இருக்கும். பழமும் டிரையும் ஒன்றாக நிற்கும் இடம் இதுதான். மதுவில் மாலிக் அமிலம் இருந்தால், ஆப்பிளின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம், அது குளிரில் பளிச்சென்று இருக்கும். 20 டிகிரி வாக்கில் இனிப்பு தலைதூக்கும். 50க்குச் சுடவைத்தால் எஸ்டர்கள் ஓடிவிடும், ஆல்கஹால் மூக்கில் ஏறும். சூடாகக் குடிப்பது சாகேயின் பழைய, மதிப்புள்ள வழக்கம்தான். ஆனால் அதற்கு லாக்டிக் அமிலமும் அமினோ அமிலமும் நிறைந்த வேறு ரகங்கள் இருக்கின்றன. பாத்திரமும் பொருட்டே: வாய் குறுகிய சிறு ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் மேலே வாசனை தேங்கும். வாயகன்ற சின்னக் கிண்ணத்தில் அது கலைந்துவிடும். அளவில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. ஜப்பானியக் கடைகளில் ‘ஒரு கோ’ என்று தருவது 180 மில்லி. அதில் இருக்கும் ஆல்கஹால் அரை லிட்டர் பீரில் இருப்பதைவிடச் சற்று அதிகம்.

விழுங்கிய பிறகு ஐந்தாறு நொடி சும்மா இருக்க வேண்டும். இந்த ரகத்தின் தரம் அப்போதுதான் தெரியும். ருசி வாலை நீட்டாமல் சட்டென்று அறுபட்டால் ‘கிரே’ நன்றாக இருக்கிறது என்று ஜப்பானியர் மெச்சுவார்கள். வாசனை மட்டும் மூச்சில் இன்னும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். நாக்கில் பிசுபிசுப்பு மிஞ்சினால், எண் +8 என்றிருந்தாலும் அது டிரை இல்லை.

தொட்டுக்கொள்ள எதை வைப்பது? பச்சை மீன் துண்டுகள், ஆவியில் வெந்த வெள்ளை மீன், உப்பிட்டு வாட்டிய மீன், டோஃபு. மீனோடு சாகே சேர்வதற்கு ஒரு வேதியியல் காரணமும் உண்டு. மதுவில் இரும்பு அயனி இருந்தால் மீனின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சி கிளம்பும். ஒயினில் இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் நிறுவினார்கள். சாகே ஆலைக்கு இரும்பு ஜன்மப்பகை. கோஜி சுரக்கும் ஒரு பொருள் இரும்போடு சேர்ந்து மதுவைச் சிவக்கவைத்துவிடும் என்பதால், லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இரும்புள்ள தண்ணீரைத் தொடவே மாட்டார்கள். நம் காரக் குழம்பும் மிளகாய் வறுவலும் இதற்கு ஆகாது. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு முனையை ஆல்கஹாலும் தூண்டும். இரண்டும் சேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும், பேரிக்காய் தோற்றுவிடும்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வாசனை நாள்பட நிற்காது. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் எஸ்டர்கள் குறைந்து, டைமெத்தில் டிரைசல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் தலையெடுக்கும். ஊறவைத்த முள்ளங்கி வாடை அதன் அடையாளம். 60, 65 டிகிரியில் சூடுகாட்டாத ‘நாமா’ ரகம் என்றால் நொதிகள் புட்டிக்குள்ளும் வேலை செய்துகொண்டே இருக்கும், இன்னும் சீக்கிரம் மாறிவிடும். அதனால் விமான நிலையக் கடையின் விளக்கு வெளிச்சத்தில் மாதக்கணக்கில் நின்ற பெரிய புட்டியைவிட, குளிர்பெட்டிக்குள் இருக்கும் சிறு புட்டி மேல். தேதி அச்சிட்டிருந்தால் பாருங்கள், ஓராண்டு தாண்டியிருந்தால் வைத்துவிடுங்கள். திறந்ததை நிற்கவைத்துக் குளிரிலேயே வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.